பதினான்கு எலிகளும் ஒரு தலைப்பும்

பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவில் அவள் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தாள். பேராசிரியர்கள் நாற்பது ஐம்பது பக்கத்துக்கு எழுதித் தள்ளும் ஆய்வுகளை, ஒரு மனிதர் தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடுகிற அளவுக்குச் சுருக்கி எழுதுவதுதான் அவள் வேலை. அதனால் வளாகத்தில் அவளுக்குச் சுருக்கம்மா என்று பெயர். யாரோ கிண்டலாக வைத்தது. நாற்பதைத் தாண்டி நெற்றியில் நாலு கோடு விழுந்த பிறகு, பெயர் இப்போதுதான் சரியாகப் பொருந்துகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிரிவிலிருந்து மாதத்துக்கு ஒரு செய்தித்தாள் வெளியாகும். உயிரியலில் ஒன்று, பொறியியலில் ஒன்று, கல்வித் துறையில் ஒன்று, வேலையிட விதிகளை ஆராய்கிற துறையிலிருந்து ஒன்று என்று நாலு செய்தி. பாலத்தில் விழும் விரிசலைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கருவியைப் பற்றி எழுதிய கையோடு, எந்த வகுப்பில் பிள்ளைகள் கணக்கை வெறுக்கத் தொடங்குகிறார்கள் என்றும் எழுத வேண்டும். அவளுக்கு எதிலும் பட்டம் கிடையாது. ஆனால் பேராசிரியர்களை மாடிப்படியில் மடக்கி, "எங்க வீட்டுக்காரருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்" என்று கேட்கத் தெரியும். அந்த வீட்டுக்காரர் பல் செட் செய்கிற பட்டறையில் இருந்தார். அவள் எழுதிய எதையும் முதலில் அவரிடம்தான் வாசித்துக் காட்டுவாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பார். இஸ்திரிப் பெட்டி நின்றால் புரியவில்லை என்று அர்த்தம்.

அந்த வருடத் தொடக்கத்தில் உயிரியல் துறையிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. எலி வாத்தியார் என்று எல்லோரும் அழைக்கும் பேராசிரியர் செய்தது. பரம்பரையாக வரும் ஒரு கண் நோய் உள்ள பதினான்கு சுண்டெலிக் குட்டிகளுக்கு ஏதோ ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றியதில், விழித்திரை கெட்டுப்போவது கொஞ்சம் தாமதப்பட்டது. அவ்வளவுதான் விஷயம். 'சுண்டெலிகளின் விழித்திரைச் சிதைவில் தாமதம்: ஒரு தொடக்கநிலை ஆய்வு' என்று அவள் தலைப்பு வைத்தாள். அவளுடைய மேலாளருக்குத் தலைப்பு மன்னன் என்று பெயர். அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதை எலி கூட படிக்காது."

அவர் வைத்த தலைப்பு: 'இழந்த பார்வை இனி திரும்புமா?' பக்கத்தில், வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு குழந்தையின் படம்.

"பார்வை திரும்பலை சார். போறது மெதுவாச்சு. அதுவும் எலிக்கு."

"கேள்விக்குறி போட்டிருக்கேன்ல? கேள்வி கேட்டா எப்படிப் பொய்யாகும்?"

அவள் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். மத்தியானம் ஒன்றரை மணி. அவளுக்குப் பசித்தது. சரி என்று விட்டுவிட்டாள். பின்னாளில் அந்த ஒன்றரை மணியைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

தாளின் அடியில் 'மேலும் விவரங்களுக்கு' என்று அவள் மேஜைத் தொலைபேசி எண் இருக்கும். அதற்கு வழக்கமாக யாரும் அழைப்பதில்லை. தாள் வெளியான நாலாம் நாள் மாலை, அவள் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது அது அடித்தது.

"கண்ணு பத்திப் போட்டிருந்தீங்களே மேடம், அது விஷயமா கேக்கணும்."

டவுன் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய மகளுக்குப் பதினோரு வயது. அந்தச் செய்தியில் இருந்த அதே நோய். முதலில் இருட்டில் தடுமாறினாள், இப்போது பக்கவாட்டில் இருப்பதும் தெரிவதில்லை, ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே உள்ளது மட்டும் தெரிகிறது என்றார். மூன்று டாக்டர்கள் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"அவங்க உங்க பேப்பரைப் படிச்சிருக்க மாட்டாங்க போல."

அவள் நிதானமாக விளக்கினாள். எலிக் குட்டிகள், பதினான்குதான், மனிதர்களுக்கு வர எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது, வராமலே போகலாம். அவர் எல்லாவற்றுக்கும் "சரி மேடம், சரி மேடம்" என்றார். கடைசியில், "அப்ப நான் அடுத்த திங்கக்கிழமை போன் பண்றேன். ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

சொன்ன மாதிரியே திங்கள் தோறும் அழைத்தார். பஸ்ஸைப் பணிமனையில் விட்டதும், ஐந்தே கால் மணிக்கு. பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. "ஏதாவது உண்டா மேடம்?" "இல்லைங்க." "பரவால்ல. அவசரமில்ல." ஐந்து மணிக்கு மூட்டை கட்டிவிடுகிறவள், திங்கட்கிழமைகளில் மட்டும் காகிதங்களை அடுக்குவது போல் உட்கார்ந்திருப்பாள்.

"வேண்டாம்னு வெட்டிச் சொல்லிடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லிட்டேங்க. அவர் காதுல விழ மாட்டேங்குது."

மூன்று மாதம் கழித்து, வேலையிட விதிகளை ஆராயும் துறை ஒரு முடிவு வெளியிட்டது. வேலை நேரத்துக்குப் பிறகும் அலுவலகத் தொலைபேசியை எடுக்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது, உடம்பு கெடுகிறது என்று. நல்ல ஆய்வு. அவளே ரசித்துச் சுருக்கி எழுதினாள். அதைப் படித்த நிர்வாகம், இருக்கிற இடத்திலேயே தொடங்கலாம் என்று முடிவெடுத்தது. மாலை மணி ஐந்து அடித்தால் எல்லா மேஜைத் தொலைபேசியும் ஊமையாகிவிடும். அழைப்பவருக்குப் பதிவு செய்த குரல் நன்றி சொல்லும். வெளியாட்களுக்குச் சொந்த எண்ணைக் கொடுக்கவும் கூடாது. வளாகத்தில் செய்த ஆய்வு வளாகத்துக்கே பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் திங்கட்கிழமை ஐந்தே காலுக்கு அவள் மேஜை முன்னால் உட்கார்ந்து ஊமைத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில், தொலைபேசியில் பதிவாகியிருந்த அவருடைய எண்ணுக்கு அவளே அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி ஓட்டும்போது அணைத்துத்தானே வைக்க வேண்டும். அடுத்த வாரச் செவ்வாயும் முயன்று பார்த்தாள், இதேதான். அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் இவள் தொலைபேசி செத்துக் கிடந்தது.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, அவருடைய விடுப்பு நாளில், மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு கட்டைப்பை நிறைய மருத்துவக் காகிதங்களோடு நேரில் வந்து நின்றார். கட்டையான ஆள். வெயிலில் ஒரு கை மட்டும் கறுத்திருந்தது, ஜன்னல் பக்கத்துக் கை.

"எங்க மேல ஏதாவது கோவமா மேடம்? போன் எடுக்கறதே இல்ல."

அவள் விதியை விளக்கினாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே நொண்டிச் சாக்காகப் பட்டது. அவர்களை எலி வாத்தியாரிடம் அழைத்துப் போனாள். வாத்தியார் நல்ல மனிதர். எல்லாக் காகிதத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"இது மருந்தே இல்லைங்க. வெறும் சோதனை. பதினாலு குட்டி எலி."

"பதினாலுக்கும் கேட்டுச்சா சார்?"

"எதுக்கும் குணமாகலை. கெட்டுப்போறது கொஞ்சம் மெதுவாச்சு."

"மெதுவானாலே போதும் சார். பதினஞ்சாவதா இவளை வெச்சுக்குங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அப்படியெல்லாம் முடியாதுங்க. சட்டம் விடாது. சட்டம் விட்டாலும் நான் செய்ய மாட்டேன். உள்ளதும் போயிடலாம்."

சுருக்கம்மா அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடைக்கு வந்தாள். சுவரை விரல் நுனியால் தொட்டுக்கொண்டே நடந்தது அந்தப் பெண். தொடுவது யாருக்கும் தெரியாதபடி, விளையாட்டுப் போல.

"ஆன்ட்டி, இங்க லைட்டு எரியுதா?"

"எரியுதும்மா. ரெண்டு எரியுது."

"ம். அப்பாகிட்ட கேட்டா பயந்துக்குவாரு. அதான் உங்ககிட்ட கேட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லிடாதீங்க" என்றாள்.

சுருக்கம்மா தலையை ஆட்டினாள். ஆட்டியது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று உறைத்ததும், "சொல்லலை" என்றாள்.

அதே மாதம் கல்வித் துறையிலிருந்து வந்த ஆய்வு அவள் மேஜையில் கிடந்தது. பார்வை படிப்படியாகப் போகும் பிள்ளைகளைப் பற்றியது. கொஞ்சமாவது பார்வை இருக்கும்போதே விரலால் படிக்கும் பிரெய்ல் எழுத்தைப் பழகியவர்கள், எல்லாம் போன பிறகு தொடங்கியவர்களைவிடப் பாதிக் காலத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னது. அதை இரண்டு முறை படித்தாள். தலைப்பு மன்னன் அதை நாலாவது செய்தியாகத் தள்ளி, ஆறு வரியாக வெட்டியிருந்தார். அவள் முழு ஆய்வையும் அச்செடுத்து, பக்கத்தில் எளிமையாகக் குறிப்பெழுதி வைத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை அந்த ஓட்டுநரை வளாகத்துக்கு வரச் சொன்னாள். வாசல் அருகே நிழலில் நின்று காகிதத்தைக் கொடுத்தாள். ஒரு சிறப்புப் பள்ளியின் முகவரியும் அதில் இருந்தது.

"இப்பவே சேத்துவிட்டா நல்லதுங்க. இப்ப அவளுக்குச் சீக்கிரம் வரும்."

அவர் வாங்கிப் படித்தார். பஸ் ஓட்டுகிறவருக்கே உரிய பொறுமையோடு, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அப்ப நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"இல்லைங்க, ஒரு முன்னேற்பாடா..."

"வீட்ல அவ அம்மாவும் இதைத்தான் சொல்றா. விரல்ல படிக்க ஆரம்பிச்சா, கண்ணு அவ்வளவுதான்னு அந்தப் புள்ளைகிட்ட நானே சொன்ன மாதிரி ஆயிடும். நீங்கதானே மேடம் எழுதுனீங்க, பார்வை திரும்பும்னு?"

கேள்விக்குறி போட்டிருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணுக்கு நடையில் எரிந்த விளக்கே தெரியவில்லை என்பதை எப்படிச் சொல்வது? சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று வீட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி நின்றது. ஆனால் புரியாமல் அல்ல.

"வாக்கு கெடக்கட்டும், சொல்லிடு" என்றார்.

மறு புதன்கிழமை அழைத்துச் சொன்னாள். "எனக்குத் தெரியும்" என்றார் அவர். "செவுத்தைத் தொட்டுக்கிட்டே நடக்கறது எனக்குத் தெரியாதா? நான் பாக்கலைன்னு அது நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும்னுதான் பாக்காத மாதிரி இருக்கேன்."

அதற்குப் பிறகும் அவர் மகளைப் பள்ளியில் சேர்க்கவில்லை.

ஒன்றரை வருடம் ஓடியது. எலி வாத்தியார் அறுபது எலிகளை வைத்து, இந்த முறை வளர்ந்த எலிகளையும் சேர்த்து, மறுபடி செய்து பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. முதலில் கண்டதே தற்செயலாக இருக்கலாம் என்று நேர்மையாக எழுதினார். சுருக்கம்மா அதை முதல் செய்தியாகப் போட வேண்டும் என்று தலைப்பு மன்னன் முன்னால் போய் நின்றாள். இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

"ஒண்ணும் ஆகலைங்கறது செய்தியாம்மா?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

"முன்ன போட்டதை நம்பி ஒருத்தர் உக்காந்திருக்காரு சார்."

"ஒருத்தர்தானே. போன் பண்ணிச் சொல்லிடு."

தாளில் வரவில்லை. அவளே அழைத்துச் சொன்னாள். நல்ல வார்த்தை தேடித் தேடிப் பார்த்தாள். இத்தனை வருடம் சுருக்கி எழுதியவளுக்கு அன்று சுருங்கச் சொல்ல வரவில்லை. அவர் முழுதும் கேட்டார். "வாத்தியாருக்கு ரொம்ப வருத்தமா இருக்குமே" என்றார். புதன்கிழமைப் பகல்களில் அழைத்துக்கொண்டிருந்தவர், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பள்ளியின் முகவரி வேண்டும் என்றாள். பெண்ணுக்குப் பதினாலு நடக்கிறது, பகல் வெளிச்சம் தெரிகிறது, வேறெதுவும் தெரியவில்லை. சுருக்கம்மா முகவரியைச் சொல்லி, பள்ளியிடம் தானே பேசி இடமும் வாங்கிக் கொடுத்தாள். சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் ஒருமுறை போய்ப் பார்த்தாள். அந்தப் பெண் குறும்பு குறையாமல்தான் இருந்தாள். ஒரு பக்கம் படிக்க அரை மணிக்கு மேல் ஆகிறது என்றாள்.

"பக்கத்துல ஒரு வாண்டு, ஏழு வயசு. அது நாலு பக்கம் முடிச்சிட்டு என்னைக் கிண்டல் பண்ணுது ஆன்ட்டி. என் விரல் லேட்டா ஸ்கூலுக்கு வந்துச்சாம்."

சுருக்கம்மாவும் சிரித்தாள். வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தவள், வந்த இரண்டு பஸ்ஸை ஏறாமலே விட்டுவிட்டாள்.

கடைசியாக அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தது அதற்கடுத்த வருடம். மாலையில் வீட்டுக்குப் போக ஏறிய பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் அவர் இருந்தார், வேலை நேரம் மாறியிருக்கும் போல. தலை நன்றாக நரைத்திருந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, லேசாகத் தலையசைத்தார். அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே. கேட்க நிறைய இருந்தது. மகள் இப்போது எத்தனை பக்கம் படிக்கிறாள், இன்னும் சிரிக்கிறாளா, அவருக்குத் தன்மேல் கோபம் உண்டா. பஸ் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று போனது. கூட்டம் ஏறியது, இறங்கியது. நாற்பது நிமிடம் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இறங்கும் இடம் வந்ததும் அவர் வண்டியைப் பள்ளம் தவிர்த்து ஓரமாக அணைத்து நிறுத்தினார்.

"மெதுவா எறங்குங்க" என்றார். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் இறங்க நின்றார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்னவோ. கதவு மூடியது, பஸ் போய்விட்டது.