சாமுராய்ச் சிறுவனின் அரிசித் தட்டு

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். பொறுப்பாளர் பிரேம் அண்ணை, ஈப்போக்காரர். கிராஃபிக்ஸ் செய்யும் கவிதா அக்கா, கோயம்புத்தூர். மூன்றாவது நான். இல்லாதவர் ஹருகோ. கண்காட்சியின் ஜப்பானிய ஆலோசகர் அவர்தான். மகளின் பிரசவத்துக்காக வெலிங்டன் போயிருந்தார்.

எங்கள் நிறுவனம் எல்லர்ஸ்லியில் இருக்கிறது. அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் டிஸ்ப்ளே செய்து கொடுப்போம். அப்போது கையில் இருந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான கண்காட்சி. முன்னூறு வருடங்களுக்கு முன் ஒரு சாமுராய் வீட்டுப் பையன் எப்படி வளர்ந்தான், என்ன படித்தான் என்பதைக் காட்ட நான்கு மூலைகள். ஐந்து வயதில் மடிப்பு வைத்த அகலக் கால்சட்டையை முதன்முதலாக உடுத்தும் சடங்கு, எழுத்து, பொருள் புரியாமலே சீன நூல்களை உரக்கப் படிப்பது, மரவாள் பயிற்சி.

எழுத்து மூலை என்னிடம் வந்தது. நான் இன்னும் வேலையில் ட்ரயலில்தான் இருந்தேன். அந்த மூலை சரியாக வந்தால் கன்ஃபர்ம் செய்வேன், வராவிட்டால் மேலிடத்தில் உனக்காகப் பேச முடியாது என்று பிரேம் அண்ணை முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மகனுக்கு ஆபீஸ் வேலை என்று அம்மா நாங்கள் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பே முழுக்கச் சொல்லியாயிற்று.

ஹருகோவின் குறிப்பில், பையன் ஆறு வயதளவில் எழுத்துத் தொடங்குவான், முதல் பாடம் எப்படி இருக்கும் என்பதை வந்து விளக்குகிறேன் என்றிருந்தது. ஆனால் மூலையில் மாட்டும் விளக்கப் பேனல் அன்று மாலையே பிரிண்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் கையால் செய்ய என்ன வைக்கலாம் என்று பிரேம் அண்ணை கேட்டார். தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுத வைக்கலாம் என்றேன்.

"சரிதான்லா. என்னையும் அரிசியிலதான் எழுத வச்சாங்க" என்றார் அவர்.

கவிதா அக்கா சிரித்தார். "ஆமா, எனக்கும் விஜயதசமிக்கு அதேதான். நாம மூணு பேரும் ஒத்துப்போன மொத விஷயம் இது."

உண்மைதான். இடியப்பத்துக்கு என்ன ஊற்றுவது என்பதில்கூட மூன்று நாடுகளிலிருந்து வந்த நாங்கள் மூவரும் மூன்று கட்சி. சாமுராய்ச் சிறுவன் அரிசியில் முதல் எழுத்தை எழுதினான் என்று பேனல் அச்சாகி வந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஹருகோ நகர மையத்திலிருந்த கண்காட்சி மண்டபத்துக்கு வந்தார். திங்கள் காலை திறப்பு, உடனே முதல் பள்ளி. பேனலை இரண்டு தரம் படித்துவிட்டு, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். புத்தகம் எதுவும் இல்லை, எனக்கு அப்படித்தான் ஏடு தொடக்கினார்கள் என்றேன். கவிதா அக்கா சீலிங்கைப் பார்த்தார்.

ஹருகோ கோபப்படவில்லை. சாமுராய் வீட்டில் அரிசிதான் தகப்பனின் சம்பளம் என்று விளக்கினார். ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி ஓர் அளவு. அப்படி எத்தனை அளவு கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வீட்டின் மதிப்பு. பையன் அதில் விரலை விட்டு விளையாடியிருந்தால் முதல் பாடம் முதுகில் விழுந்திருக்கும் என்றார். அவன் எழுதியது தூரிகையால். தாள் விலை அதிகம் என்பதால், ஒரே தாளில் மேலே மேலே எழுதித் தாள் முழுக்கக் கறுத்துப் போகுமாம்.

பிரேம் அண்ணை என்னை வெளியே கூட்டிப் போனார்.

"தம்பி, பட்ஜெட் முடிஞ்சிருச்சு. வர்றது சின்னப் பிள்ளைங்க. அதுங்களுக்கு என்னா தெரியும்?"

"தெரியாது அண்ணை. அதாலதான் மாத்தோணும். நாங்கள் எழுதி வைக்கிறதை அதுகள் அப்பிடியே நம்பப் போகுதுகள்."

"மாத்துனா, ஏன் மாத்துனீங்கன்னு மேல கேப்பாங்க. உன் கன்ஃபர்மேஷன் என்னாகும்?"

"அதை நீங்கள் பாருங்கோ. இந்தப் பேனல் இருக்கக் கூடாது."

தலையாட்டினது மூணு பேரு, மேல உன் பேர மட்டும் எப்படி எழுதறது என்று அவர் முணுமுணுத்துவிட்டு பிரிண்டருக்குப் போன் போட்டார்.

சனியும் ஞாயிறும் வேலை செய்தோம். ஹருகோ சொன்னபடி தாள்களுக்கு முழுக்க மை பூசிக் காயவைத்தோம். கறுத்த தாளில் ஈரத் தூரிகையால் எழுதினால் எழுத்து பளபளக்கும், காய்ந்தால் மறைந்துவிடும். திங்கட்கிழமை வந்த பிள்ளைகள் எழுத்து மறையும்வரை குனிந்து பார்த்திருந்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி எழுதினார்கள். அடுத்த மூலைக்கு அவர்களை நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது.

என் ட்ரயலை ஒரு மாதம் நீட்டினார்கள். பிறகு கன்ஃபர்ம் ஆனது. தட்டில் பரப்ப வாங்கி வைத்திருந்த அரிசியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கழுவிப் பொங்கிவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கூட்டத்தில் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டால், அன்றைக்கு யார் வரவில்லை என்று பாருங்கள். ஹருகோவுக்கு ஒரு போன் போட எங்களுக்கு ஒரு செலவும் ஆகியிருக்காது. போடாததால் புதுப் பேனல், தாள், தூரிகை, மை, மை சிந்தாமல் தரை விரிப்பு என்று திறப்பு விழாச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் முழுவதும் போனது. வந்த விருந்தினர்களுக்கு டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் வாங்கிய பிஸ்கட்தான். போன பணம் மொத்தம் அறுநூற்று நாற்பது டாலர்.