ஈரச் சாக்கும் நேசமலர் மிஸ்ஸும்

கொக்கட்டிச்சோலைச் சந்தியில், மின்கம்பத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருந்தார்கள். பஸ் வர நேரம் இருந்தது. இப்போதெல்லாம் கண்ணில் படுகிற எழுத்தை எல்லாம் வாசிப்பது என் வழக்கம். கடைப் பலகை, மாப் பை, மருந்துப் போத்தல், எதையும் விடுவதில்லை. அன்றும் எழுத்துக் கூட்டினேன். 'நாவற்குடாவைப் பிறப்பிடமாகவும்' என்பது ஒரே மூச்சில் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த வரியில் ஒரு பெயர். நேசமலர். அதையும் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டுச் சிரித்தபடி நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகுதான் அது மரண அறிவித்தல் என்பதும், போனவர் எங்கள் நேசமலர் மிஸ் என்பதும் எனக்கு உறைத்தது. சந்தோசமும் துக்கமும் ஒன்றாக வந்தால் எதை முதலில் படுவது என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கும் மலரில் நானும் எழுத வேண்டும் என்று மிஸ்ஸின் மகள் கேட்டார். நீங்கள் சொல்லுங்கள், யாராவது எழுதட்டும் என்றார். இல்லை, நானே எழுதுகிறேன் என்றேன். மெதுவாகத்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு மிஸ்ஸைத் தேர்தல் அலுவலகத்தில் தெரியும். தேர்தல் சாமான்கள் வைக்கும் களஞ்சியத்துக்கு அவர்தான் பொறுப்பு. எனக்கு அவரைத் தோணித்துறையில்தான் தெரியும். நான் வாவியில் தோணி விடுகிறவன். பாலம் வந்த பிறகும், வெள்ளம் வந்து தெருவை அறுத்தால் வாக்குப் பெட்டிகள் என் தோணியில்தான் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு வரும். பெட்டி ஏற்றும்போது மிஸ் கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். குடை அவருக்கு அல்ல, பெட்டிக்கு.

அப்படி வெள்ளம் வந்த ஒரு தேர்தலுக்குப் புதுச் சாமான் ஒன்று வந்திருந்தது. முன்பெல்லாம் வாக்குப் பெட்டியை நூலால் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைப்பார்கள். இந்த முறை அதற்குப் பதிலாக ஸ்டிக்கர். அச்சடித்த, பளபளப்பான ஸ்டிக்கர். ஒட்டினால் கிழிக்காமல் திறக்க முடியாதாம். வெள்ளம் தெருவை அறுத்துவிட்டு அப்போதுதான் வடியத் தொடங்கியிருந்தது. மழை விட்ட வெயில் நெருப்பாகச் சுட்டது. ஸ்டிக்கர்கள் மட்டைப் பெட்டிக்குள் இருந்தன. வெயிலில் பசை இளகிவிடும் என்று மிஸ்ஸுக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணன், மீனுக்கு ஈரச் சாக்குப் போடுவீங்கல்லுவா? அது மாதிரி இதுக்கும் போடுங்க" என்றார்.

வாவியில் சாமான் கொண்டுபோகிற எவனும் அதைத்தான் செய்வான். சாக்கை வாவியில் முக்கிப் பிழிந்து மூடினேன். மட்டை ஈரத்தைக் குடித்துவிட்டது. அடுத்த நாள் வாக்கெடுப்பு முடிந்து பெட்டியை மூடும் நேரம், ஒட்டிய ஸ்டிக்கர்கள் இலை உதிர்வது போல ஒவ்வொன்றாகக் கழன்றனவாம். நல்ல காலம், பழைய அரக்கும் நூலும் கொஞ்சம் இருக்கட்டும் என்று மிஸ் சாமானோடு அனுப்பியிருந்தார். அரக்கு வைத்துப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வேட்பாளர்களின் ஆட்களும் பார்த்துச் சம்மதித்தார்கள். ஒரு வாக்குக்கும் பழுது வரவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பாராளுமன்றத்தில் ஒரு குழு இருக்கிறது. அலுவலகங்கள் பொதுப் பணத்தில் என்ன வாங்கின, யார் பார்த்து வாங்கினார்கள் என்று கேட்பது அதன் வேலை. அந்தக் குழு இந்த ஸ்டிக்கரைப் பற்றியும் கேட்கப் போகிறது என்று தெரிந்ததும் மிஸ்ஸின் மேலதிகாரி என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கதிரை தந்தார். சோடா தந்தார். ஒரு தாளைத் தள்ளி, கைநாட்டு வைக்கச் சொன்னார். நானும் பெருவிரலை மையில் தொட்டுவிட்டேன்.

மிஸ் உள்ளே வந்தார். தாளை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வாசித்தார். யாரும் சொல்லாமல் நானே கவலையீனமாகச் சாமானை நனைத்தேன் என்று அதில் இருந்தது. அதில் விரல் வைத்தால் இனி அரசாங்கச் சாமான் ஒருநாளும் என் தோணியில் ஏறாது.

மேலதிகாரி மெதுவாகத்தான் சொன்னார். "மிஸ், இது உங்களக் காப்பாத்தத்தான்."

"ஈரச் சாக்குப் போடச் சொன்னது நான். அத நான் அங்க போய்ச் சொல்றன்" என்றார் மிஸ். என் பக்கம் திரும்பினார். "அண்ணன், வாசிக்காம விரல வைக்காதீங்க. வாசிக்கத் தெரியாட்டிப் படிங்க. மறுகா வைங்க."

மை காயும்வரை விரலைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

மிஸ் பெரிய அதிகாரிகளோடு கொழும்புக்குப் போனார். அவருக்கு ஓய்வுபெறக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. வீட்டில் அழுகை. ஊரில் புதினம். பாராளுமன்றமே கூப்பிட்டுக் கேட்கிறது என்றால் மனுசி எவ்வளவு காசு அடித்திருப்பாள் என்று தேநீர்க்கடையில் பேசிக்கொண்டார்கள். அவரோ நல்ல சேலை கட்டிக்கொண்டு, கோயில் திருவிழாவுக்குப் போகிறவர் மாதிரிப் போனார். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு பை முந்திரிகைப் பழம் கொண்டுவந்து தந்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் முன்னர் பார்த்ததில்லை.

நடந்ததைச் சொன்னார். ஒரு உறுப்பினர், சாமானை ஏன் லொறியில் அனுப்பவில்லை என்று கேட்டாராம். "ஐயா, தெருவில தண்ணி. லொறி நீந்தாது" என்றாராம் மிஸ். சபை சிரித்ததாம். பிறகு, சாக்குப் போடச் சொன்னது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இன்னொரு உறுப்பினர் சரியான இடத்தைப் பிடித்தாராம். வாங்குவதற்கு முன் இந்த ஸ்டிக்கரை யாராவது நனைத்துப் பார்த்தீர்களா? பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். பரிசோதித்தது உண்மை. குளிரூட்டிய அறையில், மேசைமேல்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தேர்தல் நடத்துகிறவர்களை யாரும் அதட்ட முடியாது என்று முன்பு சொன்னவரும் மிஸ்தான். அப்படியென்றால் தேர்தலில் வென்று போனவர்கள் தேர்தல் நடத்தினவர்களைக் கேள்வி கேட்பது எப்படி? யார் பெரியவர்? கேட்டேன்.

"வாக்க எப்பிடி எண்ணுற எண்டு அவங்க எங்களுக்குச் சொல்ல ஏலா. சனத்தின்ட காசில என்ன வாங்கின எண்டு கேக்கலாம். கேக்கணும்" என்றார்.

"அப்ப பிழை ஆரில மிஸ்? உங்களிலயா, வாங்கினவங்களிலயா, வெயிலிலயா?"

"எல்லாரிலயும் கொஞ்சம் அண்ணன். கேக்க ஆள் இருக்கு எண்டதுதான் எனக்குச் சந்தோசம்."

இது எனக்கு அன்று விளங்கவில்லை. பாதி இன்றும் விளங்கவில்லை. கேள்வி கேட்கப்பட்டவர் எப்படிச் சந்தோசப்படுவார்? மிஸ்ஸுக்கு அதற்குப் பிறகு பதவி உயர்வு வரவில்லை. இருந்த கதிரையிலேயே ஓய்வுபெற்றார். செத்த வீட்டில்கூட எனக்குப் பின்னால் ஒருவர், பாராளுமன்றம்வரை போன கேஸ்காரி என்று காதோடு காதாகச் சொன்னார். நான் திரும்பி, போனது உண்மை, கள்ளியாகப் போகவில்லை, சாட்சியாகப் போனார் என்றேன். அந்த மனிதர் நம்பினாரோ தெரியாது. இதை வாசிக்கும் நீங்கள் நம்பினால் போதும்.

மிஸ் சொன்னபடி நான் வாசிகசாலையில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். இந்த மூப்பில் எழுத்துப் படித்தேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்திருப்பது எழுத்து மட்டும் இல்லை.

போன கிழமை எங்கள் மீனவர் சங்கம் புதிதாக வாங்கிய உயிர்காப்பு அங்கிகளைக் காட்டியது. செம்மஞ்சள் நிறம், பார்க்க நல்ல வடிவு. பெற்றுக்கொண்டோம் என்று எல்லோரும் ஒப்பமிட வேண்டும். தாளை முழுதாக வாசித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். வாசித்து முடித்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு யாராவது தண்ணீரில் இறங்கிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. நல்ல பெடியன். "என்ன அண்ணே, என்னில சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல தம்பி. கேக்கிறன்."

அவன் ஒரு அங்கியை எடுத்து மாட்டினான். சட்டையோடு நடந்துபோய் வாவியில் இறங்கினான். நாங்கள் எல்லோரும் பின்னால் போய்க் கரையில் நின்றோம். கால் எட்டாத இடத்துக்குப் போய்க் கையையும் காலையும் ஆட்டாமல் விட்டான். மிதந்தான். கோபமான முகத்தோடு, எங்களையே பார்த்துக்கொண்டு மிதந்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் செய்தது சரியா, ஒரு நல்ல பெடியனை அவமானப்படுத்திவிட்டேனா என்று இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். மிஸ் இருந்திருந்தால் நாவற்குடாவுக்குப் போய்க் கேட்டிருப்பேன். அவர் இல்லை. அதனால் கரையிலேயே, அவன் நனைந்த கையால் பிடித்த தாளில், என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி ஒப்பமிட்டேன்.