கம்பம் மெட்டு ஏறிய இடது முழங்கால்

மலைப்பாதை ஜீப்பில் முன் இருக்கை என்று யாராவது கூப்பிட்டால் காரணம் கேட்காமல் கிளம்பிவிடுகிற ஆள் நான். இந்தப் பிப்ரவரியில் கூப்பிட்டவள் கவிதா. என்னோடு படித்தவள், இப்போது தேனிப் பக்கம் பொறியியல் கல்லூரி ஆசிரியை. உடம்பின் அசைவை அளக்கும் ரப்பர் பட்டை ஒன்றைச் செய்திருக்கிறாளாம், அதைக் கம்பம் மெட்டுப் பாதையில் சோதிக்க வேண்டுமாம். அசைவை அளக்க மலை எதற்கு என்றேன். "வந்து பாரு" என்று போனை வைத்துவிட்டாள்.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். காலை ஆறு மணிப் பேருந்து, ஏழேகாலுக்கு இறக்கிவிட்டது. இடது ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். சின்னமனூரிலிருந்து மேகமலை கூடவே வரும்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே கவிதாவும், அவள் பட்டையைச் சோதிக்கச் சம்மதித்திருந்த பாண்டியும் ஜீப்போடு காத்திருந்தார்கள். பாண்டி, கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைப் பெண்களை ஏற்றிப்போகும் டிரைவர். ஐந்து மாதத்துக்கு முன் இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்ததிலிருந்து ஜீப் மலை ஏறவே இல்லை. திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் வேறு ஜீப் பார்த்துக்கொள்வதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். காலைப் பற்றி யார் கேட்டாலும் "சூப்பரா இருக்கு" என்பதுதான் அவர் பதில்.

"டாக்டரு கேட்டாலும் இதே பாட்டுத்தாண்ணே" என்றார் அவர் மனைவி செல்வி. புருஷன் பேச்சில் நம்பிக்கை இல்லாமல் அவரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

கவிதா பாண்டிக்கு ஒரு முழங்கால் உறையை மாட்டினாள். அதன்மேல் விரலகலப் பட்டை. முழங்கால் மடங்கினால் பட்டை இழுபடும், அதில் ஓடும் மின்சாரம் குறையும், உடனே செல்பேசியில் ஒரு கோடு குதிக்கும். அவ்வளவுதான் சங்கதி. அவருக்கு மாட்டுமுன் நானும் ஒருமுறை மாட்டிப் பார்த்திருந்தேன். காலை லேசாக நகர்த்தினாலே கோடு துள்ளியது. அசந்துபோனேன்.

வண்டி கிளம்பியபோது கோடு ஒருமுறை குதித்தது. அப்புறம் ஊர் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் வந்து, பாதி மலை ஏறியும் அது நேராகவே கிடந்தது. கியர் மாறும் சத்தம் கேட்கிறது, கோடு அசையவில்லை. பட்டை அறுந்துவிட்டது என்று நினைத்துக் கவிதாவின் முகம் வாடிவிட்டது.

செல்வி முன்னால் எட்டிப் பாண்டியின் காலைப் பார்த்தார். "பட்டை நல்லாத்தான் இருக்கு டீச்சர். இவுகதான் கிளச்சே மிதிக்கல."

மலை உச்சியில், மெட்டில் வண்டியை ஓரங்கட்டியதும் பாண்டி ஒப்புக்கொண்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே, கிளச்சைத் தொடாமல் கியர் மாற்றியிருக்கிறார். என்ன மனுஷன்! எனக்குக் கைதட்டத் தோன்றியது. செல்விக்குத் தோன்றவில்லை.

"வலிக்குதா இல்லையா? உள்ளதச் சொல்லுங்க."

"மிதிச்சா சுருக்குன்னு இழுக்குது" என்றார் பாண்டி, சாலையைப் பார்த்தபடி. "ஆளுகள ஏத்திக்கிட்டு வளைவுல நின்னு எடுக்க முடியாதுதான்."

"அப்பச் சாவியக் குடுங்க."

அவர் படுத்திருந்த மாதங்களில் செல்வி ஜீப் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தார். ஆனால் மலைப்பக்கம் மட்டும் பாண்டி விட்டதே இல்லை. வேறு வழியில்லாமல் சாவி கை மாறியது. பாண்டி இடது இருக்கைக்கு வந்தார், நான் பின்னால் போய்க் குலசாமியைக் கூப்பிட்டேன்.

செல்வி அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு, நிதானமாக இறக்கினார். பாண்டிதான் "கிளச்ச மிதி ஆத்தா, கிளச்ச மிதி!" என்று கத்திக்கொண்டே வந்தார். கவிதா என் தோளைத் தட்டிச் செல்பேசியைக் காட்டினாள். கோடு வளைவுக்கு வளைவு துள்ளிக்கொண்டிருந்தது. அங்கே இல்லாத கிளச்சை பாண்டியின் இடது கால் மிதி மிதியென்று மிதித்துக்கொண்டிருந்தது!

"இம்புட்டு மிதிச்சீகளே, வலிக்கலையா?" என்று அடிவாரத்தில் செல்வி கேட்டார்.

"நீ ஓட்டுறப்ப வலிக்க எங்கிட்டு நேரம்?"

மடங்கி நிமிர முழங்காலுக்குத் தெரிகிறது, கனத்த கிளச்சை அழுத்தத்தான் இன்னும் வலு வரவில்லை என்று கவிதா விளக்கினாள். ஐந்து மாதமாக வாய் மறைத்ததை ஒரு ரப்பர் பட்டை ஒரே முற்பகலில் சொல்லிவிட்டது. அதைச் செய்தவள் என் சிநேகிதி என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

போக நினைப்பவர்களுக்கு: கம்பத்திலிருந்து மெட்டு ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். விடியலில் தோட்ட ஜீப்புகள் விரட்டிக்கொண்டு ஏறும், எட்டு மணிக்குமேல் கிளம்புங்கள். மேலே சாயாவும் பருப்பு வடையும் கிடைக்கும்.

திங்கட்கிழமை தோட்டத்துக்கு வண்டி போய்விட்டது. ஓட்டியது செல்வி, பக்கத்தில் உறை மாட்டிய காலோடு பாண்டி. கால் தேறியதும் வண்டியை அவரிடம் கொடுத்துவிடுவீர்களா என்று போனில் கேட்டேன்.

"கால் தேறட்டும்ணே" என்றார் செல்வி. "அதுக்குள்ள இன்னொரு ஜீப்பு வாங்கிருவோம்."