காலி மனையில் ஒரு குச்சு

பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்ட வேண்டும், அவள் சில நாள் அந்தக் குடிசைக்குள் தனியாக உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்கு நான் பெரியவளாவதற்கு முன்பே கட்டிவிட்டார்கள். அதுவும் வீட்டில் இல்லை. கன்னட ஊரான அடுகோடியில் எங்கள் சந்துக்கு எதிரே கிடந்த காலி மனையின் நட்ட நடுவில், ஊரே பார்க்கும்படி கட்டினார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது.

எங்கள் சந்தில் இருந்தவை எல்லாம் ஒற்றை அறை வீடுகள். அம்மா அடுப்பு மூட்டினால் அப்பா எழுந்து வெளியே போய் நிற்பார். அதனால் வீட்டுக்குள் அடங்காத எல்லாவற்றையும் அந்த மனையில்தான் வைத்துக்கொண்டோம். துணி காய்வது அங்கே, கல்யாணப் பந்தல் அங்கே, செத்தவர்களைக் கிடத்துவதும் அங்கே. சந்துக்குள் பாடை திரும்பாது. சாயங்காலமானால் அது எங்கள் கிரிக்கெட் மைதானம். மட்டையை முதலில் பிடிப்பவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, என்னை அவுட்டாக்க முடியாமல் பையன்கள் அழுதிருக்கிறார்கள். அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையின் கூரைமேல் பந்து விழுந்தால் அவுட் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அதை என் ஒருத்திக்காகத்தான் கொண்டுவந்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மனைக்கு ஓனர் ஒருவர் இருக்கிறார் என்பது திடீரென்று ஒருநாள் தெரிந்தது. அவரை யாரும் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்ட அவருடைய ஆள் மட்டும் வந்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, இங்கே கல் நடப் போகிறோம், தகரம் அடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் ஆண்கள் கோட்டின்மேல் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் ஜீப் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போய், பொழுது சாயும்வரை வைத்திருந்து, இன்னொரு முறை உட்கார்ந்தால் கேஸ் என்று மிரட்டி அனுப்பியது. அப்பாவும் அதில் ஒருவர்.

பட்டறைக்கு ஸ்கூட்டர் ரிப்பேருக்கு வருகிற வக்கீல் ஒருவர்தான் எங்களுக்கு வழி சொன்னார். கேஸ் போடலாம், தடை உத்தரவும் வாங்கலாம், ஆனால் தசரா லீவில் கோர்ட் மூடியிருக்கிறது. கோர்ட் மூடியிருக்கிற நாளாகப் பார்த்துத்தான் வேலியே போட வருவார்களாம். "திறக்கற வரைக்கும் இடம் உங்க கையில இருக்கணும். வேலி ஏறிடுச்சின்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றாராம்.

அன்று சந்தே மனையில் கூடியது. நடுவில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டால் எவன் கை வைப்பான் என்று ஒருவர் கேட்டார். எதிர்வீட்டு ஆன்ட்டி, அவர்கள் கத்தோலிக்கர்கள், "அப்போ பக்கத்துல ஒரு சிலுவையும் நட்டுடுங்க" என்றார். மூலைவீட்டு பாய் தாடியைத் தடவினார். என் அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "சாமி வந்து உக்காந்துட்டா அது சாமி இடம் ஆயிடும். அப்புறம் பூசாரி வருவான், உண்டியல் வரும். நாம செருப்பைக் கழட்டிட்டு வெளியதான் நிக்கணும்" என்றாள். அம்மா கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குப் போகிறவள். அங்கே சூப்பர்வைசரிடம் வாயைத் திறக்காததற்கெல்லாம் சேர்த்து எங்கள் சந்தில் பேசிவிடுவாள்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவர், எந்த விசேஷத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிறவர். எல்லோரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, "குச்சு கட்டலாம்க்கா" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"பொம்பளப் புள்ள குச்சுல உக்காந்திருக்கறப்ப எந்த ஆம்பள கிட்ட வருவான்? மாமன் கட்டினதை மாமன்தான் பிரிக்கணும். போலீஸ்காரன் வீட்ல மட்டும் பொண்ணு இல்லியா? கன்னடக்காரங்களும்தான் இதே மாதிரி ஓலையில குட்லு போடறாங்க."

பிறகு எல்லோருடைய கண்ணும் மெல்ல என் பக்கம் திரும்பியது. சந்தில் என்னைவிடப் பெரிய பெண்களுக்கெல்லாம் சடங்கு முடிந்திருந்தது. சின்னவர்களைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் வயதுக்கு மீறி வளர்ந்தவள். பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"நடக்காததை நடந்ததா சொன்னா புள்ளைக்கு ஆகாதுடா" என்றாள் அம்மா. சற்றுமுன் முழங்கிய குரலே இல்லை அது.

"கோர்ட் தொறக்கற வரைக்கும்தான்க்கா. ராணி வேஷம் போட்டவ ராணியாவே ஆயிடுவாளா என்ன?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அப்பா பட்டறைக்குப் போய்விட்டார். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது, பட்டறை பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு பாய் சொன்னார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பட்டுப் பாவாடை, உளுந்தங்களி, தினம் முட்டை, வீட்டுப்பாடம் கிடையாது. பெரியவளாவது என்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மற்றபடி அது என்னவென்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

மாமா கட்டிய குச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டுகிற கைக்கு மூங்கில் எங்கே அடங்கும்? முதல் முறை நிமிர்த்தியபோது அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் முறை நின்றது, ஆனால் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எதிர்வீட்டு ஆன்ட்டி தன் பழைய பட்டுப்புடவையை உள்பக்கம் கட்டிவிட்டார், பாய் வீட்டிலிருந்து கோரைப்பாய் வந்தது. சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே வர வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். அது நாங்கள் ஸ்டம்பு நடுகிற இடம்.

"மாமா, அது பிட்ச்!" என்று கத்தினேன்.

"கம்முனு உக்காரு, பெரிய மனுஷி" என்றார் மாமா.

குச்சு ஒன்றுதான் கட்டினோம். அதைச் சுற்றி ஒரு வீடே தானாக வந்து சேர்ந்தது. பெண்ணுக்குக் காவல் வேண்டும் என்று நாலு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் டிரம் வந்தது. களி கிண்ட அடுப்பு வந்தது, அடுப்புக்குக் காற்றுத் தடுக்க நாலு தகரம் வந்தது, கைக்குழந்தைகளுக்குத் தூளி கட்டக் கம்பு நட்டார்கள். ஊதுவத்தி உருட்டுகிறவர்கள் பலகையோடு வந்து உட்கார்ந்தார்கள், அம்மா லீவு போட்டுவிட்டு முறம் நிறைய அரிசியோடு உட்கார்ந்தாள். ஆண்கள் உட்கார்ந்தபோது அள்ளிக்கொண்டு போன போலீஸ், பெண்கள் அரிசியில் கல் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனது. நானோ உள்ளே வியர்த்துக்கொண்டு, மனையின் மறுபக்கம் பையன்கள் ஆடுவதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். "அது அவுட்றா!" என்று கீற்றுக்குள்ளிருந்து கத்துவேன். அம்மா வெளியிலிருந்து குச்சைத் தட்டுவாள்.

லாரி ஒரு காலையில் வந்தது. கல் தூண்கள், தகரங்கள், கடப்பாரையோடு ஆட்கள், வெள்ளைச் சட்டை, பின்னாலேயே ஒரு சப்-இன்ஸ்பெக்டர். "தெகிரி, தெகிரி" என்று வெள்ளைச் சட்டை கத்தியது கேட்டது. பிரி என்கிறான். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. ஓலை அவ்வளவு மெல்லியது என்று அப்போதுதான் தெரிந்தது.

கடப்பாரைக்காரர்களின் மேஸ்திரி கிட்டே வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "ஹெண்மகு ஒளகிதெ சார். நாவ் முட்டல்ல" என்றார். பெண் குழந்தை உள்ளே இருக்கிறது, நாங்கள் தொடமாட்டோம் என்று கடப்பாரையைக் கீழே போட்டார். அது விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது.

"எல்லா நாட்டக சார்!" என்று வெள்ளைச் சட்டை குதித்தான். நாடகமாம். சரியாகத்தான் சொன்னான். சப்-இன்ஸ்பெக்டர் தன்னோடு வந்திருந்த பெண் போலீஸிடம் போய்ப் பார் என்றார்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தார் அந்தப் பெண். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நல்ல கறுப்பு, நெற்றியில் சின்னப் பொட்டு. "ஹொட்டெ நோய்த்தா இத்யா?" என்று மெதுவாகக் கேட்டார். வயிறு வலிக்கிறதா என்று எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்தக் கேள்வியைச் சொல்லித் தரவில்லை. "இல்ல" என்றேன். "பசிக்குது."

அவர் என்னையே பார்த்தார். ஓரமாகக் கிடந்த ரப்பர் பந்தைப் பார்த்தார். ஆன்ட்டியின் புடவையைப் பார்த்தார், அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்ற என் அம்மாவை ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தார். அந்த இடம் மொத்தமும் அப்போது அவர் வாயில்தான் இருந்தது. பந்தை எடுத்து என் பாவாடைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தார். "ஹௌது சார்" என்று வெளியே சொன்னது கேட்டது. ஆமாம் சார்.

கோர்ட் திறந்த அன்றைக்கே ஸ்டே கிடைத்தது. பட்டாசு வெடித்தார்கள், ஆன்ட்டி மாமாவுக்கு மாலை போட்டார். மறுநாள் காலையில் எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மாமா குச்சைப் பிரித்துக் கொளுத்தினார், சந்து மொத்தமும் மனையில் உட்கார்ந்து சாப்பிட்டது. அப்பா அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, என் இலையில் இன்னொரு லட்டு வைத்தார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு முடிகிறபோது அது உண்மையிலேயே வந்தது. வயிறு வலித்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். ஊருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே, இனி யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? சாயங்காலம் மாமா மட்டும் வந்தார். ஆட்டோவின் பின் சீட்டிலிருந்து ஒரே ஒரு பச்சைக் கீற்றை எடுத்து வந்து சுவர் மூலையில் சாத்தினார். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிறவர், அன்று டீகூடக் குடிக்காமல் போனார்.

எனக்குக் கோபம் உண்டு. இன்றைக்கும் உண்டு. எல்லோருக்கும் இடம் கிடைத்தது, எனக்கு மட்டும் போயிற்று என்று அம்மாவிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அப்பா போனபோது அவரை அங்கேதான் கிடத்தினோம். சந்தே சுற்றி உட்கார்ந்து அழ இடம் இருந்தது. நான் ஸ்டம்பு நடுகிற இடத்தில்தான் அவர் தலை இருந்தது. அன்றிலிருந்து சண்டை போடுவதில்லை. இப்போது நான் சந்தாபுராவில் இருக்கிறேன். அம்மாவைப் பார்க்கப் போகும்போது, அந்த மனையில் பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்கிறேன். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். குச்சு எரிந்த அன்றைக்குச் சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார்கள். பட்டுப் பாவாடையைக் கழற்றி எறிந்து, பழைய டிராயரை மாட்டி, மட்டையோடு மனைக்கு ஓடினேன். பையன்கள் என்னைக் கண்டதும் பந்து போடுவதை நிறுத்திவிட்டார்கள். அதுவரை என்னிடம் தோற்றவர்கள், என்னமோ டீச்சர் வந்த மாதிரி நின்றார்கள். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எங்கடி போற?"

"விளையாட. அதான் முடிஞ்சிடுச்சே."

"அந்த வெள்ளைச் சட்டைக்காரன் டீக்கடையில உக்காந்து பாத்துட்டே இருக்கான். நீ பையனுங்களோட டிராயர் போட்டுட்டு ஓடினா என்ன நெனைப்பான்? எல்லாம் பொய்யின்னு போய் கோர்ட்ல எழுதி வெச்சிடுவான். உள்ள வா."

"எப்பதான் விளையாடறது?"

அம்மா என் தலையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கேஸ் முடியட்டும்டி" என்றாள்.

கேஸ் இன்னும் நடக்கிறது. வக்கீல் இறந்து அவர் மகன் பார்க்கிறார். ஆனால் அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. மேட்ச் மாதிரி கேஸும் பொழுதோடு முடிந்துவிடும், மிஞ்சினால் அடுத்த வாரம் என்று நினைத்தேன். அம்மாவிடம் தலையாட்டிவிட்டு, கூப்பிட்டதும் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குத் தோதாக, மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.