பாங்கொக்கில் பிடித்த நோன்பு

ஏறாவூரில், வாவிக்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் இஷாமைத் தெரியாதவர்கள் குறைவு. முன்பெல்லாம் அவன் ‘படிச்சிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளை.’ இப்போது அவனுக்கு வேறு பெயர் வந்திருக்கிறது. “கடமையில்லாத திங்கள், வியாழன் நோன்பும் தவறாத பிள்ளை. வெளிநாட்டுக்குப் போன இடத்திலயும் விடல்லயாம்” என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டால் அவன் நிலத்தைப் பார்ப்பான். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

தன் வீட்டிலிருந்து முதன்முதலாக வந்தாறுமூலைக் கம்பசுக்குப் போனவன் இஷாம். பட்டம் கிடைத்த பிறகு நெடுநாள் சும்மா இருந்தான். கடைசியில் தன்னாமுனையில், வாவியோரம் உவர்நீரில் வளரும் கண்டல் மரக் கன்றுகள் நடும் திட்டமொன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. கூட வேலை செய்தவன் சதீசன், பழுகாமத்துக்காரன். சேற்றில் இறங்கினால் பாட்டு, கரையேறினால் பகிடி என்று திரிபவன். பாங்கொக்கில் நடந்த ஒரு வாரப் பயிற்சிக்கு இவர்கள் இருவரையும்தான் அனுப்பினார்கள்.

விமானச் சீட்டும் தங்குமிடமும் பயிற்சி நடத்தியவர்களின் செலவு. காலைச் சாப்பாடு ஹோட்டலில். மற்ற நேரச் சாப்பாட்டுக்குக் கையில் அலவன்ஸ் தந்தார்கள். அந்த டொலர் தாள்களைக் கண்டதுமே இஷாமுக்குத் தங்கை நிஸ்றாவின் முகம் தெரிந்தது. அவளும் அந்த வருடம்தான் கம்பசுக்குப் போயிருந்தாள். பாட ஒப்படைகளை உடைந்த கண்ணாடிபோட்ட போனில் ஒற்றை விரலால் எழுதிக்கொண்டிருந்தாள். இஷாமும் அந்தப் பாட்டைப் பட்டவன்தான். நண்பனின் கணினி எப்போது ஓயும் என்று விடுதி வாசலில் காத்திருந்து தன் இறுதியாண்டு அறிக்கையை முடித்தவன். இந்தக் காசை மிச்சம் பிடித்தால் அவளுக்குப் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கலாம். பெட்டிக்குள் நூடில்ஸ் பைக்கற்றுகளை அடுக்கினான். உம்மா ஹவ்வா மாசிக் கருவாட்டுச் சம்பலைப் போத்தலில் அடைத்து, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் மதியம் பயிற்சிக்கு வந்த எல்லோரும் சேர்ந்து ஒரு கடைக்குப் போனார்கள். இஷாம் விலைப்பட்டியலில் ஆகக் குறைந்ததைத் தேடி, வெறுஞ்சோறும் முட்டையும் எடுத்தான். மற்றவர்கள் நண்டும் இறாலும் எடுத்தார்கள். பில் வந்ததும் நேபாளத்து இளைஞன் ஒருவன் போனை எடுத்து, மொத்தத்தை ஆளுக்குச் சமனாகப் பிரித்தான். அங்கே அதுதான் வழக்கம் போலிருந்தது. மற்றவர்கள் உடனே காசை நீட்டினார்கள். இஷாமும் சிரித்த முகத்தோடு தாள்களை எடுத்து வைத்தான்.

“வாவிக்கரையில பிறந்தவன், நண்டுக்குக் காசு குடுத்திட்டு முட்டையத் திண்டுட்டு வாறாய்” என்றான் சதீசன் வழியில். “அந்த நண்டு எப்பிடியிருந்ததெண்டாவது கேளன்.”

“எப்பிடி?”

“நம்மட வாவி நண்டுக்குக் கிட்டவும் வராது.”

அடுத்த நாள் இஷாம் முந்திக்கொண்டான். தனக்கு ஹலால் சாப்பாடுதான் வேண்டும், தான் வேறெங்காவது பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றான். பயிற்சியை நடத்தியவர் நூரைனி என்ற இந்தோனேசியப் பெண்மணி. எல்லோரும் அவரை ‘இபு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அம்மா. தானும் முஸ்லிமாயிருந்தும் கடல் உணவென்றால் எங்கேயும் சாப்பிடும் அவருக்கு இது மனதைத் தைத்துவிட்டது.

“நானே யோசித்திருக்க வேண்டும்” என்று வருந்தி, அங்குமிங்கும் விசாரித்து, முழுக் கூட்டத்தையும் ஒரு ஹலால் உணவகத்துக்குக் கூட்டிப்போனார். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்த இடம். அன்றைய பங்கு முதல் நாளைவிடக் கூடுதல். இஷாமுக்காக வந்தவர்கள் இஷாமைப் பார்த்துப் பார்த்து அன்போடு சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மதியம் எல்லோரும் எழும்பினார்கள். “இன்றைக்கு எங்கே போகலாம், இஷாம்?” என்று இபு நூரைனி அவனிடமே கேட்டார்.

“எனக்கு இன்றைக்கு நோன்பு” என்றான்.

யோசித்துச் சொன்ன சொல் இல்லை, வாய் தானாகச் சொன்னது. காலையில் ஹோட்டல் சாப்பாட்டறை திறந்ததுமே போய், ஆட்கள் வரமுன் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தான். எத்தனை தரம் சாப்பாட்டுக் கோப்பையை நிரப்புகிறான் என்று ஒருவரும் பார்க்கக்கூடாதென்பதற்காகத்தான் அவன் தினமும் முந்திப் போவது. இபு நூரைனி நெஞ்சில் கைவைத்து, “வியாழக்கிழமை என்பதையே நான் மறந்துபோனேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது போல் அவனுக்குப் பட்டது.

சதீசனோடு தங்கிய அறைக்கு வந்து, கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, நூடில்ஸை ஊறப்போட்டு, மாசிச் சம்பலைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மறந்துவிட்ட பர்ஸை எடுக்க வந்த சதீசன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்னடா இது?”

“கத்தாத. கதவைச் சாத்து.”

“நோன்பெண்டு சொன்னாய்?”

இஷாம் நூடில்ஸ் கோப்பையைக் கையால் மூடினான்.

“விடிய அவிச்ச முட்டையெல்லாம் முடிச்சிட்டு, மத்தியானம் நூடில்ஸ். உங்கட நோன்பு இவ்வளவு லேசெண்டா நானும் பிடிச்சிருப்பனே மச்சான்!” சிரிக்கத் தொடங்கியவன், இஷாமின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். “தங்கச்சிட லெப்டொப்புக்கா?”

“ம்.”

“அதைச் சொன்னா என்ன? காசு சேர்க்கிறன், வரல்ல எண்டு சொல்லுறதுக்கென்ன? ஆரு உன்னைக் கடிக்கப்போறாங்க?”

இன்றுவரை இஷாம் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான். அந்த மேசைக்கு முன்னால் காசில்லாதவனாகத் தெரிவதைவிட, படைத்தவனுக்கு முன்னால் பொய்யனாக நிற்பது லேசாக இருந்ததா? படித்த படிப்பு இதையா பழக்கியது?

“சரி, உன்ட அல்லாஹ்வோட நீ கதைச்சிக்கொள். நான் வாயத் திறக்கமாட்டன்” என்று சதீசன் பர்ஸை எடுத்தான். வாசலில் நின்று திரும்பினான். “ஆனா பல்லைத் தீட்டிட்டு வா. மாசி மணக்குது.”

பின்னேரம் அவனை ஹோட்டலின் மொட்டைமாடிக்கு வரச் சொன்னார்கள். போனால் கூட்டம் முழுவதும் அங்கே. இபு நூரைனி பேரீச்சம்பழம் தேடி வாங்கி வந்திருந்தார். நேபாளத்து இளைஞன் பப்பாளி வெட்டி அடுக்கியிருந்தான். சூரியன் இறங்கும்வரை ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. பசியோடு இருப்பவனுக்கு முன்னால் சாப்பிடக்கூடாதென்று, தேநீர் இடைவேளையில்கூட அவர்கள் வெறுந்தண்ணீரோடு இருந்தார்கள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. சதீசன் மூலையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“துஆவைச் சத்தமாக ஓதுங்கள்” என்றார் இபு நூரைனி. “நாங்களும் கேட்கிறோம்.”

யா அல்லாஹ், உனக்காகவே நோன்பு நோற்றேன் என்று தொடங்குகிற, நோன்பு திறக்கும் பிரார்த்தனை. பள்ளிக்கூடம் போகமுன் பாடமாக்கியது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இஷாம் அதை ஓதினான். ஒவ்வொரு சொல்லும் வாயிலிருந்து போகமாட்டேன் என்று நின்று நின்று போனது. இபு நூரைனி “ஆமீன்” என்றார். யாரோ படம் எடுத்தார்கள்.

அலவன்ஸ் மிஞ்சியது. ஊருக்கு வந்து, மட்டக்களப்பு ரவுன் கடையொன்றில் பாவித்த லெப்டொப் ஒன்றும் வாங்கியாயிற்று. நிஸ்றா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “காக்கா, விசையெல்லாம் வேலை செய்யுது!” என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். அந்தச் சந்தோசம் அவனுக்கு ஒரு கிழமை நிலைத்தது.

பிறகு அந்தத் திட்டத்தின் முகநூல் பக்கத்தில் மொட்டைமாடிப் படம் வந்தது. கண்ணை மூடி, பேரீச்சம்பழத்தோடு இஷாம். சுற்றிவரப் பல நாட்டு முகங்கள். நிஸ்றா அதை உம்மாவுக்குக் காட்டினாள். உம்மா படத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அன்று அஸர் தொழுகைக்குமுன் ஒழுங்கை முழுவதற்கும் விசயம் போய்விட்டது.

அந்த வியாழன் விடியுமுன், சஹர் நேரத்தில் உம்மா அவனை உலுக்கி எழுப்பினார். “எழும்பு மகன். அந்நிய நாட்டில பிடிச்ச நீ, உம்மாட கையால சோறு தின்னு பிடிக்கமாட்டியா?”

திங்களும் எழுப்பினார். மறுபடி வியாழனும். அவன் பிடித்தான், நிசமாகவே பிடித்தான். ஆனால் நோன்பு திறக்கும் நேரம் ‘உனக்காகவே’ என்ற இடத்தில் நாக்கு தடுக்கும். அதற்கிடையில் இபு நூரைனியிடமிருந்து போனுக்குச் செய்தி வந்தது. அன்றிலிருந்து தானும் வியாழன்தோறும் நோன்பு பிடிப்பதாகவும், திறக்கும்போது அவனுக்காகத் துஆச் செய்வதாகவும் எழுதியிருந்தார். இஷாம் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது?

ஒரு வியாழன் பின்னேரம், கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் இருந்து, எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னான். நண்டு, வெள்ளைத் துணி, நூடில்ஸ், மாசி எல்லாம். உம்மா கேட்டு முடித்தார். ஏசவில்லை. “கஞ்சி ஆறுது” என்று மட்டும் சொல்லி, அடுப்படிக்குப் போனார். அதன்பிறகு திங்களும் வந்தது. அவர் அவனை எழுப்பவில்லை.

வியாழன் காலை, இஷாம் வாசல்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான். பக்கத்து வீட்டுப் பஹீமா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன மகன், இண்டைக்கு நோன்பு இல்லையா?”

அவன் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. “அவனுக்கு வயிறு சரியில்ல மச்சி. நான்தான் வேணாமெண்டன்.”

உம்மா பொய் சொல்லி இஷாம் கேட்டதில்லை. வாப்பா விற்கிற மீன் பழசென்றால் வாங்க வந்தவர்களிடமே பழசென்று சொல்லி, அவரிடம் ஏச்சு வாங்கும் மனிசி. பாங்கொக்கில் தொடங்கிய பொய் இப்போது அவர் வாய்க்கு வந்துவிட்டது.

“இல்ல மாமி” என்று எழும்பினான். “எனக்கு ஒண்டுமில்ல, நல்ல சுகம். நான் பாங்கொக்கிலயும் நோன்பு பிடிக்கல்ல. பொய் சொன்னன்.”

மாமி அவனை ஏறஇறங்கப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பானார். “கேட்டியா ஹவ்வா, பிள்ளைட கதைய! படமே வந்திரிக்கி, மறைக்கப் பார்க்கிறான். செஞ்ச நன்மையச் சொல்லிக் காட்டக்கூடாதெண்டு இந்த வயசிலயே தெரிஞ்சி வச்சிரிக்கானே!” வேலியை விட்டுப் போகும்போது யாருக்கோ அதையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

உம்மா வாசலுக்கு வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் குனிந்து, அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கினார்.

“இஞ்ச ஒருத்தரும் நம்பமாட்டாங்க மகன்” என்றார். “நீ சொன்னா நம்புறவங்கக்கிட்டச் சொல்லு.”

நிஸ்றா விறாந்தையில் லெப்டொப்பில் ஒப்படை எழுதிக்கொண்டிருந்தாள். இஷாம் அவள் பக்கத்தில் போய் இருந்தான்.

“அதை ஒருக்காத் தா” என்றான். “இபுவுக்கு ஒரு கடிதம் எழுதணும்.”

“போனில அனுப்பலாமே காக்கா?”

“இல்ல. இதுலதான் எழுதணும்.”

அவள் தன் வேலையைச் சேமித்துவிட்டு, லெப்டொப்பை அவன் மடிக்கு நகர்த்தினாள்.