கடலில் தோட்டம் போட்ட யோகராணி அக்கா

சென்ற வியாழக்கிழமை காலை, மொன்றியல் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் எங்கள் சமையற்கூடத்தில் குளிரறை விசிறி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். புரோசார்ட்டிலிருந்து யோகராணி அக்காவின் மகள் அபிராமி அழைத்தார்.

"மாமா, அம்மா நித்திரையிலேயே போயிட்டா."

அக்கா மறைந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அபிராமியே தொடர்ந்து, "வாற கிழமை ஊருக்குப் போக சூட்கேஸ் அடுக்கி வைச்சிருந்தவ. திறந்து பார்த்தன், ஒரு சீலை, மிச்சம் முழுக்கக் கயிறு" என்று அழுகையோடு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவை நினைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருப்பது இலேசான காரியமல்ல.

அக்கா யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் அலுவலகமொன்றில் வேலை பார்த்தவர். மொன்றியலுக்கு வந்தபின் எங்கள் சமையற்கூடத்தில் பல வருடங்கள் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கினார். நான் அங்கே இயந்திரங்கள் திருத்துகிறவன். ஓய்வு பெற்ற முதல் மாரியில் ஊருக்குப் போன அக்கா, திரும்பி வரும்போது எனக்கு ஒரு வேலையோடு வந்தார். கரையோரக் கிராமமொன்றில் சில பெண்கள், இடுப்பளவு கடலில் மூங்கில் மிதவைகள் கட்டிக் கடற்பாசி வளர்த்தார்கள். உரம் தேவையில்லை, கிணற்றுத் தண்ணீர் தேவையில்லை. ஆனால் மணலில் காயப்போட்ட பாசி இரண்டு தரம் மழையில் நனைந்து அழுகிவிட்டது. பெண்கள் அலுத்துப்போய் தையல் ஆலை வேலைக்குப் போக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, வெயிலில காயவைக்கிற பெட்டி ஒண்டு உம்மால செய்யேலாதோ?"

"கரண்ட் இல்லாமலோ அக்கா?"

"கரண்ட் இருந்தா நான் ஏன் உம்மட்டை வாறன்?"

சமையற்கூடத்தில் கழித்துவிட்ட கம்பித் தட்டுகளை மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுப் பல்கனியில், பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை மூடியாக வைத்துப் பெட்டி தயாரானது. மீன்கடையில் சிங்க இறால் பெட்டிக்குள் ஈரத்துக்காக வைத்துவரும் பாசியைக் கெஞ்சி வாங்கி, அக்கா உள்ளே பரப்பினார். மத்தியானம் மேல்வீட்டு மதாம் எட்டிப் பார்த்து, "ஸா சான் லா மேர்!" என்று கூவினார். கடல் மணக்கிறதாம். முறைப்பாடு என்று நான் நடுங்கினேன். அவரோ கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அரைகுறைப் பிரெஞ்சில் இருவரும் பின்னேரம் வரை கதைத்தார்கள்.

அக்கா என் வரைபடத்தோடு ஊருக்குப் போனார். மாதம் ஒன்று கழித்து அழைப்பு வந்தது.

"தம்பி, உம்மட பெட்டி பாசியை அவிச்சுப்போட்டுது!"

நான் மொன்றியல் வெயிலுக்குக் கணக்குப் போட்டிருந்தேன். அக்கா திட்டவில்லை. அவிந்த பாசியைப் பெண்கள் சம்பல் போட்டுத் தின்று பார்த்ததையும், ஒருவராலும் விழுங்க முடியாமல் போனதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெட்டியின் அடியில் துளைகளும் மேலே புகைபோக்கி மாதிரி ஒரு குழாயும் வைக்கச் சொன்னேன். அடுத்த மழைக்கு அக்கா தொலைபேசியைக் கூரைப்பக்கம் நீட்டினார்.

"மழை கேக்குதோ? பாசி உள்ளுக்கை மொறுமொறுவெண்டு கிடக்குது!"

தையல் ஆலைக்கு ஒருவரும் போகவில்லை.

விளைச்சல் நன்றாக வந்ததும் பாசி வாங்குகிறவர் ஒருவர், கடற்புல் வளரும் பகுதியையும் சேர்த்து மிதவை கட்டச் சொன்னார். பெண்களுக்குத் தலைமை தாங்கிய ரஜனிக்கு அது பிடித்திருந்தது. அக்கா மறித்தார்.

"இறால் குஞ்சு வளர்ற இடத்தை மூடிப்போட்டா, உன்ர புருஷன் வலையைப் போட்டு எதைப் பிடிக்கிறது?"

"நீங்கள் கனடாவில இருந்துகொண்டு எல்லாம் கதைப்பியள்" என்றார் ரஜனி. இரண்டு கிழமை அவர் அக்காவோடு பேசவில்லை. அந்த நாட்களில் அக்கா என்னிடம், "அவள் சொன்னதிலையும் நியாயம் இருக்குத் தம்பி" என்று வருந்தினார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. கடைசியில் மீனவர்களும் பெண்களும் அக்காவும் ஒரே படகில் போய், கடற்புல்லைச் சுற்றி, மிதவை கட்டக்கூடாத இடத்துக்குக் கம்பு நட்டு எல்லை குறித்தார்கள். முதல் கம்பைப் பிடித்தவர் ரஜனி. அன்று அக்கா படகிலேயே எழுந்து ஆடப்போய்க் கடலுக்குள் விழுந்தாராம். இதை அவரே எங்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

ஞாயிறு மாலை, அக்காவின் உடல் வைக்கப்பட்டிருந்த மண்டபத்தில் அபிராமி ஊரிலிருந்து வந்த வீடியோ அழைப்போடு தன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ரஜனியும் மற்றப் பெண்களும் கயிறுகளில் பாசித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இண்டைக்கு வேலையை விடுவம் எண்டுதான் நினைச்சனாங்கள்" என்றார் ரஜனி. "பேந்து யோசிச்சம், அக்கா ஏசுவா எண்டு. இந்தக் கயிறு அக்கான்ர. பாருங்கோ."

இரண்டு பெண்கள் கயிற்றின் இரு தலைப்பையும் பிடித்துத் தூக்கினார்கள். அதில் வரிசையாகத் தொங்கிய இளம்பாசியிலிருந்து தண்ணீர் சொட்டியது, வெயில் அதில் பட்டது. பிறகு மெதுவாக அதைக் கடலுக்குள் இறக்கினார்கள்.

சந்தோஷமாப் போயிட்டு வாங்கோ அக்கா. அங்கே பாசி வளருது.