வெட்டிப்போட்ட மலைக்கு என்ன அர்த்தம்?

பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் றவூப் முதலாளியின் புடவைக் கடை பூட்டிக் கிடந்தது. மேல்மாடிக்கு ஏறும் படியில் மட்டும் நெரிசல். கம்சலா வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். நாற்காலி தீர்ந்துபோய் ஜனம் பாயில் உட்காரத் தொடங்கியதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் அவள் ஒட்டிய போஸ்டர் செய்த வேலை. "ஒரு நல்ல படம். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். போகுமுன் கொஞ்சம் பேசலாம்." பதுளை பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட் வரை அதுதான்.

கடைசி வரிதான் முக்கியம். அந்த மேல்மாடியை ஒரு டியூஷன் மாஸ்டரும் கேட்டிருந்தார். றவூப் கம்சலாவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "மகள், படம் போட்டுக் காட்ட டீவி எல்லார் வீட்டிலயும் இருக்கு. நீங்க சொல்ற அந்தப் பேச்சு நடக்குதான்னு பார்ப்போம். முடிஞ்சதும் சனம் எழும்பிப் போனா மாடி மாஸ்டருக்கு. இருந்து பேசினா உங்களுக்கு, மாசாமாசம்."

கம்சலா ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். லயத்தில் ஒரு வீட்டில்தான் டீவி இருந்தது. எல்லோரும் கதாநாயகனைப் பார்க்கும்போது இவள் பின்னால் தொங்கும் கடிகாரத்தைப் பார்ப்பாள். "அது ஏன் நின்னு போயிருக்கு? வேணும்னே நிப்பாட்டி வச்சாங்களா?" என்று கேட்பாள். சண்டைக்காட்சி நடுவே கேட்டால் யார் பொறுப்பார்கள்? பலமுறை வெளியே அனுப்பப்பட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்த படங்கள்தான் அவளுக்கு அதிகம்.

இப்போது பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறாள். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் தகப்பனுடைய கையை ஒரு நொடி காட்டுவாள். விரல்கள் வேட்டிக் கரையைத் திருகிக்கொண்டிருக்கும். வீட்டார் அந்த இடத்தில் அழுவார்கள், ஏன் என்று தெரியாது. அவளுக்குத் தெரியும். ஒரு காட்சியில் ஒரு பொருள் சும்மா கிடப்பதில்லை, அது எதையோ சொல்கிறது, சொல்வதை நாலு பேர் சேர்ந்து தேடினால் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை என்பது அவள் கட்சி. ஸ்டூடியோ பின்னறையில் ஏழெட்டுப் பேரோடு தேடிக்கொண்டிருந்தவளுக்கு இன்று ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது.

விளக்கு அணைந்தது. படம் அரைமணி நேரம்தான். தேயிலைத் தோட்டத்து ஒருத்தி. புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். மகனும் வெளிநாடு போய்விடுகிறான். ஒருநாள் அவள் புருஷனுடைய கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு, ஆம்பளைகளோடு ஆம்பளையாகச் செடி வெட்டப் போகிறாள். கடைசியில் மலை முழுக்க வெட்டுப்பட்டு முழங்கால் உயரக் கட்டைகளாய் நிற்கிறது. நடுவில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இசை இல்லை. காற்று மட்டும். முடிந்தது.

விளக்குப் போட்டதும் கம்சலா சிரித்த முகத்தோடு முன்னால் வந்தாள். எதிரே ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

இரும்புக்கடை ராமநாதன்தான் முதலில் எழுந்தார். "ஏன் தங்கச்சி, சிரிச்சிக்கிட்டே போகலாம்னு எழுதியிருந்தீங்க. பேத்திப் பிள்ளைய வேற கூட்டிட்டு வந்தேன். அந்தப் பொம்பள வாழ்க்கையே மொட்டையாப் போச்சுன்னு காட்டிட்டு முடிச்சிட்டான். இதுல எங்க சிரிக்கிறது?"

கம்சலா விழித்தாள். "மொட்டையாப் போகலீங்க ஐயா. அது கவ்வாத்து."

"அப்பிடின்னா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கவ்வாத்து மலையைக் கண்டால் சந்தோஷப்படத் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை அடுப்புக்குக் கட்டுக்கட்டாய்ச் சுமந்து வரலாம். மலை வெட்டவெளியாய்க் கிடக்கும், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடலாம். சில மாதத்தில் கட்டையெல்லாம் தளிர்க்கும். அந்தக் காட்சியை ஸ்டூடியோவில் பார்த்தபோது அவள் கைதட்டியிருந்தாள். பதுளையில் கடை வைத்திருப்பவர்களுக்கும் அது அப்படியே தெரியும் என்று நினைத்தே போஸ்டர் எழுதினாள்.

விளக்கிச் சொன்னாள். வேகமாக, கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கிழண்டுபோன செடியை வெட்டினால்தான் திரும்பத் துளிர்க்கும், அந்தப் பெண் தன் பழைய வாழ்க்கையைத் தானே வெட்டிக் கீழே போடுகிறாள், கத்தியை அவளே எடுத்தது அதற்குத்தான் என்றாள்.

ராமநாதன் அசையவில்லை. "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா படம் அதச் சொல்லலியே, நீங்கதானே சொல்றீங்க. போடுற இடமெல்லாம் திரைக்குப் பக்கத்துல நீங்க நிக்க முடியுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு குடும்பம் செருப்பைத் தேடத் தொடங்கியது. வாசலோரம் உட்கார்ந்திருந்த றவூப் அந்தக் குடும்பத்தைப் பார்த்தார், பிறகு கம்சலாவைப் பார்த்தார்.

செருப்புத் தேடுவதைக் கம்சலாவும் பார்த்தாள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அவளே ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

"ஐயா சொல்றது சரி," என்றாள். "எனக்குத் தெரிஞ்சதப் படத்து மேல ஏத்தக் கூடாது. படத்துக்குள்ள சாட்சி இருக்கணும். இருக்கா இல்லையான்னு தேடுவோம். இல்லாட்டி நான் போஸ்டரக் கிழிச்சிர்றேன்."

கடைசிக் காட்சியைத் திரும்பப் போட்டு, அப்படியே நிறுத்தினாள். செருப்புத் தேடிய குடும்பம் நின்ற இடத்தில் நின்றது.

"ஆகாசம் மப்பா இருக்கு," என்றது ஒரு குரல். "சோகம்தான்."

"மழை வரப்போவுது. மழை நல்லதுதானே," என்றாள் வெலிமடையிலிருந்து வந்திருந்த, கரட் தோட்டம் வைத்திருக்கும் விஜயலெட்சுமி.

"கரட்டுக்கு நல்லது. அழுற பொம்பளைக்கு?"

"அவ எங்க அழுறா? கண்ணக் காட்டவே இல்லியே."

தையல்காரி ஹம்ஸியா பாயிலிருந்து எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள். "இங்க பாருங்க தங்கச்சி. எல்லாத்தையும் வெட்டினதாச் சொன்னீங்க. செடிக்குச் செடி ஒரு கிளையை விட்டு வச்சிருக்கே. இலையோட நிக்குது. வெட்டுறவன் மறந்துட்டானா?"

கம்சலா திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கிளை நின்றது. பிறந்ததிலிருந்து பார்த்த கிளை. பார்த்துப் பார்த்துப் பழகியதில், இந்தப் படத்தில் அது இருந்ததையே அவள் பார்த்திருக்கவில்லை.

"மறக்கல ராத்தா," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. "செடி மூச்சு விட ஒண்ண வெட்டாம வைப்பாங்க. அது இருந்தாத்தான் கட்டை சாகாது. ஐயோ, நான் இதக் கவனிக்கவே இல்ல."

"அப்ப அந்தப் பொம்பளைக்கு அந்தக் கிளை எது?" ஹம்ஸியா விடவில்லை. "மகனா?"

"மகன்தான் போயிட்டானே," என்றார் ராமநாதன். அவர் எப்போதோ திரும்ப உட்கார்ந்திருந்தார். "கத்தியாத்தான் இருக்கும். புருஷன் விட்டுட்டுப் போனதுல மிஞ்சினது அது ஒண்ணுதான்."

"கத்தி வெட்டுறது. அது எப்பிடிக் கிளையாகும்?"

"ஏன் ஆகக் கூடாது? அத வச்சித்தானே அவ உழைக்கிறா."

"நீங்க இரும்புக்கடை. எல்லாம் கத்தியாத்தான் தெரியும்," என்றாள் விஜயலெட்சுமி. மண்டபம் சிரித்தது, ராமநாதனும் சேர்ந்துதான்.

மகன் வீட்டைவிட்டுப் போகும் காட்சியைப் போடச் சொன்னார்கள். போட்டாள். கத்தி தீட்டும் காட்சியைக் கேட்டார்கள். போட்டாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், மூன்றாவது ஆள் இருவரையும் அடக்கிவிட்டுத் தானே பேசினார். கம்சலா திரைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். வியர்வை வழிந்தது, துடைக்க நேரமில்லை.

அப்போது றவூப் எழுந்தார். சத்தம் அடங்கியது.

"எனக்கும் ஒண்டு சொல்லணும்," என்றார். "அந்தக் கிளை புருஷன்தான். அவன் திரும்பி வருவான். அதுக்குத்தான் விட்டு வச்சிருக்கா."

எல்லோரும் கம்சலாவைப் பார்த்தார்கள். தலையாட்டினால் போதும், மாடி அவளுடையது. அவளும் அதை யோசிக்காமல் இல்லை.

"இல்லீங்க முதலாளி," என்றாள். "அவன் வருவான்னு காட்ட படத்துல ஒரு சாட்சியும் இல்ல. கடுதாசி வரல. அவ பாதையத் திரும்பிப் பார்க்கவும் இல்ல."

றவூப் அவளை முறைத்தார். பிறகு சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாயில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டித் திரைக்கு வந்தார்.

"சாட்சி இல்லையா? மகன் போறதுக்கு முதல் அவ சோறு போடுற இடத்துக்குப் போங்க. மூணு சோத்துக் கோப்பை இருந்திச்சு, நான் பார்த்தன். வீட்டில ரெண்டு பேர்தானே, மூணாவது ஆருக்கு? இண்டைக்கு இத முடிக்காட்டி, அடுத்த போயாவுக்கும் இதே படத்தைத்தான் போடணும், சொல்லிட்டன்."

"ரெண்டு கோப்பைதான்," என்றார் ராமநாதன்.

"மூணு."

கம்சலா படத்தைப் பின்னால் ஓட்டினாள்.